இறக்கிய சுருதி

என் கணவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போதுகூட யாரோ அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். கோபம் வரவில்லை. எங்களுக்கு ஓடியது அந்த ஒரு பாட்டுதானே.

அவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். நான் கீபோர்டு, என் தம்பி டிரம்ஸ். பேஸ் கிட்டார் அவருடைய நண்பனிடம்; ஆளின் உயரத்தைப் பார்த்து ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். முதலில் வாசித்த மதுக்கூடத்தில் மேடை என்று ஒன்று கிடையாது, கழிப்பறைக் கதவை ஒட்டிய மூலைதான். கதவு திறக்கும்போதெல்லாம் ஒட்டடைக்குச்சி வாசித்தபடியே நகர்ந்து வழிவிடுவான்.

பாட்டின் முடிவில் அவர் ஒரு கத்து கத்துவார். கூடமே திருப்பிக் கத்தும். அதற்காகவே நெடுஞ்சாலையோர ஊர்களிலெல்லாம் எங்களைக் கூப்பிட்டார்கள். ஒலிநாடாவும் வந்தது. அதற்குப் பிறகு வேறு பாட்டை எடுத்தாலே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் புதிதாக எழுதியதெல்லாம் ஒத்திகையோடு சரி.

அவருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது. இனிமேல் கத்தினால் குரலே மிஞ்சாது என்றார் மருத்துவர். ஒத்துக்கொண்ட இடங்களை விட முடியவில்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். எனக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒட்டடைக்குச்சிக்குத்தான் கம்பிகள் தொளதொளவென்று ஆடின.

"அத்தான், இன்னும் இறக்கினா அவன் கம்பியில துணி காயப்போடலாம்," என்றான் தம்பி.

"சுருதியே இல்லாததைத் தட்டுறவன், நீ பேசாதே," என்றான் ஒட்டடைக்குச்சி.

அவர் சிரித்தார். சிரிப்பிலேயே கரகரப்பு.

ஒருநாள், கூட்டத்தைச் சூடேற்றுகிறேன் பேர்வழி என்று, நாங்கள் ஏறுவதற்கு முன் மதுக்கூட முதலாளி எங்கள் ஒலிநாடாவையே போட்டுவிட்டார். அது பழைய சுருதி. அதை நிறுத்திய பிறகும் கூட்டம் நிறுத்தவில்லை. நாங்கள் கீழே தொடங்க, அவர்கள் மேலே பாடிக்கொண்டிருந்தார்கள். காது கூசியது. அவர் என்னைப் பார்த்து, சுருதியை ஏற்று என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்தினார். மாட்டேன் என்று தலையாட்டினேன். மறுபடி உயர்த்தினார். பொத்தானை அழுத்தினேன்; ஒட்டடைக்குச்சி கம்பியில் விரல்களை மேலே நகர்த்திச் சமாளித்தான். அவர் மேலே போனார். அந்தக் கத்தல் பாதியில் கிழிந்தது. அதற்குப் பிறகு வந்தது வெறும் காற்று.

மறுநாள் மாலை அடுத்த ஊர்.

"நீங்க வாயசைச்சா போதும் அத்தான். மத்ததை அவங்களே பாத்துப்பாங்க," என்றான் தம்பி.

அப்படியேதான் நடந்தது. கூட்டமே முழுப்பாட்டையும் பாடியது. நடுவில் அவர் வாயை மூடிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. கிட்டாரிலிருந்து வயரைப் பிடுங்கி, எப்போதும் போல முழங்கையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்தேன்.

"அக்கா, உட்காரு!" தம்பி தட்டிக்கொண்டே பல்லைக் கடித்தான். "இப்ப நிறுத்தினா அடிச்சே போட்டுடுவாங்க."

உட்கார்ந்தேன். கத்தல் வந்தது, கைதட்டல் வந்தது. இன்னொரு தடவை என்று மேசைகள் அதிர்ந்தன. தம்பி குச்சிகளைத் தட்டி மறுபடி தொடங்கினான். நான் கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்தேன். தம்பி அன்றிலிருந்து வருஷக்கணக்கில் என்னோடு பேசவில்லை.

வேனில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றிய வயர் மடியில் கிடந்தது.

"முடிஞ்சுதா?" என்றார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சுவரைத் தாண்டிப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க," என்றேன். "இன்னும் பாடிக்கிட்டுதான் இருக்காங்க."