இடது பக்கத்துப் படம்

ஆள் உயர விளம்பர அட்டையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை பிளேடால் கீறி உரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த சாந்தகுமாரிக்கு, இடது பக்கத்துப் படத்தில் இருப்பவள் யார் என்று முதலில் பிடிபடவில்லை. நெற்றியும் மூக்கும் எண்ணெயில் மினுங்கின. மூக்கின் இரண்டு ஓரமும், புருவங்களுக்கு நடுவிலும் தோல் செதில் செதிலாக உரிந்து, ஈரமாவு போலத் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே பெரிய ஆங்கில எழுத்தில் ‘பிஃபோர்’. பாவம் யார் பெற்ற பெண்ணோ என்று நினைத்த அதே நொடியில், இடது கண்ணுக்குக் கீழே தன்னுடைய மச்சத்தைப் பார்த்தாள்.

அது வீட்டாருக்கும் காலை ரயிலுக்கும் மட்டும் தெரிந்த முகம். கோலார் தங்கவயலில் அப்பா ஜெயவேலு வேலை பார்த்த சுரங்கத்தை மூடி மூன்று வருடமாகிறது. இருட்டு விலகுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கி, கமர்ஷியல் தெருவில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்து, பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பூசிக்கொண்ட பிறகுதான் அவள் கவுன்டருக்கே வருவாள். வெறும் முகத்தோடு நின்று மேக்கப் சாமான் விற்க முடியாது என்பது மேனேஜர் குணசேகரின் கண்டிப்பு. பதினோரு மணிக்கெல்லாம் எண்ணெய் கசியத் தொடங்கும். டிஷ்யூவால் ஒற்றினால் செதில்கள் கிளம்பும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி அவற்றைப் பிடுங்குவாள். எண்ணெய்ப் பசை போகட்டுமென்று ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவக் கழுவ இரண்டும் சேர்ந்தே கூடின.

ஜூலையில் பயிற்சி கொடுக்க வந்த க்ரீம் கம்பெனிக்காரி தீபிகாதான் முதன்முதலாக அந்த முகத்தைச் சிரிக்காமல் பார்த்தவள். தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால்தான் தோல் காய்ந்து உரிகிறது, காய்ந்த தோல் இன்னும் எண்ணெயைக் கக்குகிறது என்று மோவாயைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். ரெண்டு வேளைக்கு மேல் கழுவாதே, மெல்லிய க்ரீமைத் தடவிப் பத்து நிமிஷம் விடு, அப்புறம் ஈர ஸ்பான்ஜால் பவுண்டேஷனைத் தேய்க்காமல் ஒற்று என்றாள். வெறும் முகத்தோடு, தலையில் ரோஸ் நிறத் துணிப்பட்டை கட்டிப் படம் எடுத்தாள். விளம்பரத்துக்கென்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். ஆறு வாரம் கழித்து மறுபடி வந்து இன்னொரு படம் எடுத்து, கேமராவிலேயே காட்டினாள். சாந்தகுமாரி அதைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் தன் படம் விளம்பரத்தில் வரப்போவதை அம்மா லூர்துமேரியிடம் சொல்ல, மறுநாளே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பூராவும் சேதி பரவிவிட்டது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க வரும்போது கடைக்கே வந்து பார்ப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

வலது பக்கம் ‘ஆஃப்டர்’. அதில் சாந்தகுமாரி இல்லை.

சிவந்த நிறத்தில், கன்னம் குழிய, யாரோ ஒரு பெண். தலையில் அதே ரோஸ் பட்டை. இடது கண்ணுக்குக் கீழே மச்சம். கிட்டே போய்ப் பார்த்தாள். பென்சிலால் வைத்த மச்சம்.

குணசேகர் வந்து, அட்டை நன்றாக வந்திருக்கிறது, வாசல் பக்கமே நிறுத்திவிடலாம் என்றார்.

“சார், இது நான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அந்தப் பக்கம்?”

“அது நான் இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, தன்னால் செய்ய ஒன்றுமில்லை என்றார். “யாருக்கும் தெரியப் போறதில்லம்மா. நீயா சொன்னாதான் உண்டு.”

மத்தியானம் தீபிகாவுக்கு போன் போட்டாள். அவள், உன் முகம் நன்றாகவே தேறியிருந்தது, ஆனால் அட்டைக்கு அந்த வித்தியாசம் போதாது என்று பம்பாயில் நினைத்துவிட்டார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று இங்கிலீஷில் சொன்னாள். “தேங்க்யூ மேடம்” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாள் சாந்தகுமாரி. வைத்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. எதற்கு நன்றி சொன்னோம் என்று திகைத்து, அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குணசேகர் சொன்னதுதான் நடந்தது. இரண்டு வாரமாக ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வந்தவர்கள் இடது படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு அம்மாள் தன் மகளிடம், ஒழுங்காக முகம் கழுவாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றாள். சாந்தகுமாரி பக்கத்திலேயே நின்று க்ரீமின் விலையைச் சொன்னாள். அம்மா வந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அட்டைக்கு முதுகு காட்டி நின்றுகொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, துப்பட்டாவை மூக்குவரை இழுத்துப் பிடித்தபடி ஒரு காலேஜ் பெண் உள்ளே வந்தாள். ஜோகுபாளையத்திலிருந்து வருகிறாளாம், பெயர் சிந்து. மற்றவர்களைப் போல அவள் சுளிக்கவில்லை. இடது படத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். பிறகு வலது படத்தில் அந்த மச்சத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, தணிந்த குரலில் கேட்டாள்.

“அக்கா, எனக்கும் இதே மாதிரிதான். இத போட்டா இவங்கள மாதிரி ஆயிடுவனா?”

ஆறே வாரத்தில் என்பது சாந்தகுமாரியின் நாக்கு நுனிவரை வந்தது. தினமும் நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. கவுன்டரில் இருந்த பஞ்சை எடுத்தாள், க்ளென்சிங் மில்க்கை ஊற்றினாள். தன் நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு பக்கம் முழுக்கத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள்.

“அவங்க வேற யாரோ. இந்தப் பக்கம் இருக்கறது நான்,” என்று இடது படத்தைக் காட்டினாள். “ஆறு வாரம் ஆனப்புறம் என் மூஞ்சி இதுதான். இவ்ளோதான்.”

அதே மாநிறம்தான். எண்ணெய் லேசாகத்தான் இருந்தது. மூக்கோரம் சிறிதாக ஒரு செதில் இன்னும் நின்றிருந்தது. கல்லாப் பக்கத்திலிருந்து குணசேகர் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டே வருவது தெரிந்தது. சாந்தகுமாரியின் விரல்கள் பஞ்சைக் கசக்கிக்கொண்டிருந்தன.

சிந்து துப்பட்டாவை விட்டுவிட்டாள். கவுன்டருக்கு மேல் குனிந்து, மூச்சுப் படும் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள்.

“கொஞ்சம் லைட் பக்கம் திரும்புங்கக்கா,” என்றாள்.

சாந்தகுமாரி திரும்பினாள்.