பிறக்க முன்னம் ஒரு சட்டை

எங்கள் குருநகரில் பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்குவதில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குச் சட்டை தைப்பதும் தொட்டில் பார்ப்பதும் கண்ணூறைக் கூப்பிட்டு வீட்டுக்குள் இருத்துகிற வேலை என்பார்கள். பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் தகப்பன்காரன் கடைக்கு ஓடவேண்டும். அதுவரைக்கும் அயல் வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த பழந்துணி போதும். இது கோயிலில் சொல்லித்தந்த கட்டளை இல்லை. ஆனாலும் பத்துக் கட்டளைகளையும் மீறுகிற ஆட்கள்கூட இதை மீறமாட்டார்கள்.

நானும் றஜிதாவும் ஒருமுறை மீறினோம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ரவுணுக்குப் போய், ரோசா நிறப் பிளாஸ்ரிக் தொட்டி, பால்போத்தல்கள், பெரிய பை பம்பேர்ஸ், அமுக்கினால் கத்துகிற வாத்து என்று ஓட்டோ நிறைய அள்ளிக்கொண்டு வந்தோம். மகள் பிறந்தாள், அழவில்லை. மூச்சில்லாமலே பிறந்தாள் என்று டொக்டர் சொன்னார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அந்தச் சாமான்கள் முன்னறையில் பிரிக்காமலே கிடந்தன. யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி ஒரு பிள்ளை அழுது காட்டும் வரைக்கும் ஒரு நூல்கூட வாங்குவதில்லை என்று.

இப்போது றஜிதாவுக்கு ஏழாம் மாதம் கடந்துவிட்டது. அவள் முன்பள்ளி ரீச்சர். ரீச்சர்மாரை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னால் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். போனை வைத்துக்கொண்டு நாளுக்கொரு சேதி சொல்வாள். சூடான பாலைப் பிளாஸ்ரிக் போத்தலில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள் பாலில் இறங்குமாம். பிள்ளை வாயில் வைக்கிற விளையாட்டுச் சாமானுக்கு என்ன சாயம் அடித்திருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். சாயம் போடாத பருத்தித் துணி, வேப்பமரத்தில் கடிப்பான், பனையோலைக் கிலுக்கு எல்லாம் நல்லூரில் ஒரு பெட்டை கடை வைத்து விற்கிறாளாம். போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. பம்பேர்ஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையும் இல்லை. எங்கள் கரையில் அதை ஒருவரும் எரிப்பதில்லை. பிள்ளையின் அழுக்கை நெருப்பில் போட்டால் பிள்ளையின் உடம்பு கொதிக்கும் என்று பயம். மண்ணுக்குள் தாட்டால் நாய் கிண்டும். ஆகவே பையில் போட்டு முடிச்சுக் கட்டிக் கடலில் எறிவார்கள். கடல் அதை எங்கள் வலையில் திருப்பித் தரும். தண்ணீர் குடித்து ஊதிப்போய், ஏதோ பெரிய மீன் பட்டுவிட்டது என்று ஆசை காட்டிக்கொண்டு வரும். அதை உதறும்போது என் வாயில் வருகிறதைக் கோயில் சுவாமி கேட்டால் பூசையில் எனக்கு நற்கருணை தரமாட்டார்.

சண்டை எதை வாங்குவது என்பதில் இல்லை, எப்போது வாங்குவது என்பதில்தான். பிறக்கட்டும், பிறகு வாங்குவோம் என்றேன். பிறந்த பிறகு ஓடினால் முன்னால் நிற்கிற கடையில் கைக்கு எட்டியதைத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள், நல்லதைப் பார்த்து எடுக்க நேரம் வேண்டும், புதுத்துணியைக் கழுவிக் கழுவி வெய்யிலில் போட்டு மெதுவாக்கவும் நாள் வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் எழும்பி முற்றத்துக்குப் போய், நல்லாயிருந்த வலையைப் பொத்தித் தைக்கத் தொடங்கினேன். அவள் பின்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்த வீட்டிலை அதுக்கெண்டு ஒரு துணி இல்லை. நீங்கள் அதைப்பற்றி ஒரு கதை கதைக்கிறேல்லை. என்ரை வயித்திலை ஒருநாள் கை வைச்சுப் பார்க்கேல்லை. வரவேண்டாம் எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு, லெனாட்."

அவள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பது மனம் நொந்தால் மட்டும்தான். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். அதனால் கோபக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கடையைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் பேசவில்லை. முன்பெல்லாம் சமைக்கும்போது வயிற்றோடு ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அதுவும் நின்றுவிட்டது. வீடு திரும்பவும் முதல் பிள்ளை போன நாட்களில் கிடந்த வீடு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

கிழமைக்கணக்காய் அடித்த காற்று அடங்கிய முதல் காலை, நானும் ஜெறோமும் கணவாய் மீன் பிடிக்கக் கடலடியில் வைத்த கூடுகளைத் தூக்கப் போனோம். ஜெறோம் என் கூட்டாளி. நல்ல தொழிலாளி, ஆனால் கத்தி எடுத்துக் குழை வெட்டுவது மட்டும் அவனுக்கு ஆகாது. கூட்டுக்குள் பச்சைக் குழை கட்டினால்தான் கணவாய் உள்ளே வரும். அது இரைக்காக வருவதில்லை, முட்டை இட வரும். இந்த முறை ஜெறோம் குழைக்குப் பதிலாக நீலப் பிளாஸ்ரிக் பையைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கட்டியிருந்தான். தண்ணீருக்குள் ஆடினால் குழை என்ன, பை என்ன, கணவாய் வந்து விலாசம் கேட்குமா என்று நியாயமும் சொன்னான்.

கடைசிக் கூடு மேலே வரவில்லை. கயிறு கல்லில் சிக்கிவிட்டது. கண்ணாடியை முகத்தில் போட்டு, மூச்சு இழுக்கிற குழலை வாயில் வைத்துக்கொண்டு நான் குதித்தேன்.

காற்று ஓய்ந்த பிறகு அந்த இடத்தில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் சாதாளைப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. கூட்டுக்குள் பெரிய கணவாய் ஒன்று. பெண். கயிற்றைத்தான் பார்க்கப் போனேன், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அது ஒரு நீலக் கீலத்துக்குப் பக்கத்தில் போய், கைகளை நீட்டி மேலும் கீழும் தடவிப் பார்த்தது. விட்டுவிட்டு அடுத்த கீலத்துக்குப் போனது. அதையும் தடவியது. கடையில் துணி பார்க்கிற பெண் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு போனது. கடைசியில் கூட்டின் மூலையில் நான் கட்டியிருந்த தேங்காய்த் தும்புக் கயிற்று முடிச்சுக்கு வந்தது. அதை நெடுநேரம் தடவியது. பிறகு கைகளை ஒன்றாகக் குவித்து ஒரு முட்டையை எடுத்து அந்தத் தும்பில் கட்டியது. உண்மையாகவே கட்டியது. சுற்றி இறுக்கி, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தது.

எல்லாக் கணவாயும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பிளாஸ்ரிக் போத்தலில் இட்டதையும் கண்டிருக்கிறேன். அன்றைக்கு அது அப்படிச் செய்தது. எனக்கு மூச்சு முட்டியது. மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு திரும்பவும் இறங்கினேன். ஜெறோம் ஏதோ கேட்டான், என் காதில் விழவில்லை.

முடிச்சில் அதற்கு முன்னமே வேறு முட்டைகளும் இருந்தன. நாங்கள் காற்றுக்குப் பயந்து கரையில் இருந்த நாட்களில் வேறு கணவாய்கள் வந்து கூட்டுக்கு வெளியே நின்றபடியே இட்டுவிட்டுப் போனவை. அவை முற்றி, குரும்பை நுங்கு மாதிரித் தெளிந்திருந்தன. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணவாய்க் குஞ்சு. முழுசாக. கண் இருந்தது. என் கையின் நிழல் பட்டதும் அத்தனை குஞ்சும் ஒரே நேரத்தில் நிறம் மாறி மண்ணிறமாகின. கையை எடுத்தேன், வெளுத்தன. இன்னும் பிறக்கவில்லை, ஆனால் வெளியே ஒருவன் வந்து நிற்கிறான் என்று அவற்றுக்குத் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து கடலில் கிடக்கிறேன், இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. வாயில் அந்தக் குழல் இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே சேசுவே என்று கத்தியிருப்பேன்.

அந்தப் பெண் கணவாய் என்னைக் கண்டும் ஓடவில்லை. அடுத்த முட்டையைக் கட்டத் தொடங்கியது. முட்டை இட்ட கணவாய் நீண்ட நாள் இருக்காது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். வெளுத்துப்போய் மிதந்து வரும், காகம் கொத்தும். அது தன் குஞ்சைக் காணப்போவதே இல்லை. காணமாட்டாத பிள்ளைக்குத்தான் இந்தத் தடவலும் தேடலும் இறுக்கமும். எது வரும், எது வராது என்று அதற்கு யார் சொன்னார்கள்? ஒரு உறுதியும் இல்லாமல் இடத்தை ஆயத்தம் செய்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கணவாயை விட நான் எவ்வளவு சின்ன ஆள் என்று தோன்றியது. கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டின் வாயை விரித்து விட்டேன். அது வெளியே போகவில்லை, வேலை முடியவில்லை போலும். சிக்கிய கயிற்றை அறுத்துவிட்டு, கூட்டை அப்படியே அடியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறினேன்.

ஜெறோம் கூடு எங்கே என்று கேட்டான். சொன்னேன். ஒரு கூட்டையும் கணவாயையும் கடலுக்குத் தானம் செய்கிற படகுச் சம்மாட்டியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை இழுத்தான். மற்றக் கூடுகளில் விழுந்ததைக் கொண்டுவந்து விற்றோம். நான் புனிதனாகிவிடவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே நல்லூருக்குச் சைக்கிளை மிதித்தேன். உடுத்த சாரமும் மீன் நாற்றமுமாக அந்தக் கடை வாசலில் நிற்கக் கூச்சமாக இருந்தது. கடைக்காரப் பெட்டைக்கு உதயகலா என்று பெயர். மூக்கைச் சுழிக்காமல், வாங்கோ அண்ணை என்று கூப்பிட்டு, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். பிள்ளை இன்னும் பிறக்கேல்லை என்றேன். அதை வாய்விட்டு ஓர் ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவள் எடுத்துப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுக் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சிலது பார்க்க அழகு, ஆனால் நைலோன் கலந்தது என்று அவளே சொல்லி ஒதுக்கினாள். சிலதில் பிளாஸ்ரிக் பொத்தான். சாயம் போடாத, பொத்தானும் இல்லாமல் துணி நாடாவால் முடிகிற ஒரு சட்டை இருந்தது. என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. கழுத்தில் வைத்தேன். இதுதான் என்றேன். கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் வாளியைக் காட்டினாள்.

றஜிதா கதிரையில் சாய்ந்து இருந்தாள். நான் சட்டையை அவள் மடியில் வைத்தேன். அவள் எடுத்து விரித்தாள். நாடாவை இழுத்துப் பார்த்தாள். மோந்து பார்த்து, மீன் மணக்குது என்றாள். பிறகு சட்டை அளவாக இருக்குமா என்று பார்க்கிறவள் மாதிரி அதைத் தன் வயிற்றின்மேல் நேராகப் பரப்பினாள்.

சட்டை அசைந்தது.

ஒரு பக்கம் உயர்ந்து, இறங்கி, திரும்பவும் உயர்ந்தது. காற்று இல்லை. றஜிதாவின் கை கதிரைப் பிடியில் இருந்தது. நான் முழங்காலில் விழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன், எப்படி நிலத்துக்கு வந்தேன் என்று ஞாபகம் இல்லை. அவள் என் கையை எடுத்துச் சட்டையின்மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை, நல்ல பலமாக. அது யார், எங்கிருந்து வந்தது, என்னை எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. நான் அழுதேன், அவளும் அழுதாள். இரண்டு பேரும் வெட்கப்படவில்லை.

அன்று பின்னேரம் நானே சட்டையைக் கழுவினேன். பவுடர் போடாமல் வெறும் தண்ணீரில் அலசச் சொன்னாள். கொல்லைப்பக்கக் கொடியில் போடலாமா, ஆர் கண்ணிலும் படாது என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆட்கள் போய்வருகிற ஒழுங்கையைப் பார்த்த முன்கொடியில், வெய்யில் நன்றாக விழுகிற இடத்தில் விரித்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டு யோசப்பின் அக்கா மீன் சட்டியோடு வந்தவள் கொடியைக் கண்டு அப்படியே நின்றாள். சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லெனாட், பிள்ளை பிறந்திட்டுதோ?"

"இல்லை அக்கா," என்றேன். "வந்துகொண்டிருக்கு."