தர்பார் மண்டபத்தில் வேம்பு சிரித்தது

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. எண்பத்தைந்தில் ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி போகும் டவுன் பஸ்ஸில் என் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஓர் அம்மாள் சொன்னது. சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கொண்டே நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு அவருடைய மகளைத் தேடிப்போய் அவர் பக்கத்தையும் கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அரண்மனையைத் தேடிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். அதை இந்தக் காகிதத்தில் நான்தான் கட்டினேன். பெயர்களும் நான் வைத்தவை: அம்மா வேம்பு, மகள் மலர்க்கொடி. (நேரில் இருவரையும் 'நீங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் மட்டும் 'அவள்'.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மாலை வெயில் மாடத்தின் மேல் பொன்னாய் வழிய, நூற்றாண்டுகளின் மௌனத்தைச் சுமந்து நின்ற அந்த ஜமீன் மாளிகை..."

விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்கிறது. வேம்பின் கதைக்கு அது ஆகாது.

நேராகவே சொல்கிறேன். ஜமீன் ஒழிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. நிலத்தில் பெரும்பகுதி கோர்ட்டு வழக்கிலேயே கரைந்து, ஜமீன் வாரிசு இளையபெருமாளுக்கு வீடும் ஒரு முந்திரிக்காடும் மிஞ்சின. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வருகிற பஸ்களில் சில இந்தப் பக்கமும் திரும்பினால் ஒழுகுகிற ஓடுகளையாவது மாற்றலாம் என்று டிக்கெட் போட்டு வீட்டைப் பார்வைக்குத் திறந்துவிட்டார். சுற்றிக்காட்ட ஆள் வேண்டியிருந்தது. பத்தாவது தேறி, நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் பேசக்கூடியவள் ஊரில் மலர்க்கொடிதான்.

அவள் அப்பா வீரமுத்து அந்த ஜமீன் காட்டில் கூலி வேலை செய்து, இருமல் முற்றிச் செத்தவர். வேம்பு இன்னும் அதே காட்டில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாள் சொல்லிக்கொடுத்ததை மலர்க்கொடி ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். இந்த நிலைக்கதவு ஒரே மரத்தில் செய்தது. இந்தக் கண்ணாடி கப்பலில் வந்தது. பாடம் அவருடையது; குரல் அவளுடையது. தர்பார் மண்டபத்துக் கதவருகே பேச்சை நிறுத்திக் கொஞ்சம் காக்கவைத்து, பிறகு தள்ளித் திறப்பாள். கூட்டம் அண்ணாந்து பார்க்கும். அந்த அண்ணாந்த முகங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வாள். வேம்பு அடுப்பை ஊதிக்கொண்டே 'ம்' கொட்டுவாள்.

"நீயும் ஒருநா வந்து பாரும்மா."

"எனக்கெதுக்குடி அந்த வூடு? வெளிய நின்னு பாத்ததே போதும்."

3

[இந்த இடத்தில் எனக்கு மலர்க்கொடி மேல் சந்தேகம் வந்தது. அந்த வீட்டை அவளால் எப்படி இவ்வளவு ஆசையாகக் காட்ட முடிந்தது? நம்பும்படியாக இல்லையே என்று அவரிடமே போய்க் கேட்டேன். "எங்க வூட்ல காட்டுறதுக்கு என்ன சார் இருந்துச்சு?" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.]

4

ஒரு மாசி மாதம் குன்னத்திலிருந்து பஸ் வந்தது. வெங்காயத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோயில் பார்க்கக் கிளம்பியவர்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில், பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, டிக்கெட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி வேம்பு நின்றாள். வருகிறேன் என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மலர்க்கொடி அம்மாவைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் பாடத்தை விடவில்லை. கதவைக் காட்டினாள், கண்ணாடியைக் காட்டினாள். அம்மா கேட்கிறாள் என்பதால் குரல் வழக்கத்தைவிட உயர்ந்தே இருந்தது. தர்பார் மண்டபத்தைத் திறந்து, "இந்த மாபெரும் மண்டபத்துலதான்..." என்று ஆரம்பித்தாள்.

"இம்புட்டுதானா?"

எல்லோரும் திரும்பினார்கள். வேம்பு சுவரையும் விட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குன்னத்துப் பெண்கள் சிலர் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்கள்.

"ஏம்மா சிரிக்கிற?" என்றார் பஸ்ஸை அழைத்துவந்த ராசாங்கம்.

"எங்க வூட்டுக்காரருக்கு இருமல் சீக்குய்யா. இந்த வூட்டத் தாண்டுற வரைக்கும் துண்ட வாயில அடச்சிக்கிட்டுப் போவாரு. உள்ள இருக்கறவங்க காதுல வுழுந்துடக் கூடாதாம். கண்ணு ரெண்டும் பிதுங்கிப் போவும் மனுசனுக்கு. இம்புட்டு வூட்டுக்கா!"

மற்றவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

(இங்கே ஒரு தூணை நிறுத்தி, வீரமுத்துவை அதில் கட்டிவைத்து அடித்ததாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்று பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு மனிதர் பல வருஷம் இருமலை விழுங்கிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.)

5

உள்ளறைக் கதவு திறந்தது. இளையபெருமாள் பாதி மடித்த பேப்பரோடு வெளியே வந்தார்.

"யாரது?"

மலர்க்கொடி அம்மாவைப் பார்த்தாள். வேம்பு அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். ஜமீன் வீட்டார் முன்னால் நிற்கிற பழக்க தோஷத்தில் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்கய்யா," என்றாள் மலர்க்கொடி.

இளையபெருமாள் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவரும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்ததாம். "மாடியையும் காட்டிடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காட்டினாள். வேலை போகவில்லை. பால்வாடியில் இடம் கிடைக்கும்வரை இரண்டு வருஷம் அங்கேயே இருந்தாள். 'மாபெரும்' என்ற சொல் மட்டும் அதற்குப் பிறகு வாயில் வரவில்லை.

6

பஸ்ஸில் வேம்பு தொடையில் தட்டிச் சொன்னது இந்த இடத்தைத்தான்: "எம் மவ சொன்னா பாருங்க, டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்கன்னு! எனக்கும் அங்க நிக்கப் பாத்தியத இருக்குன்னு அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டா!"

அதே இடம் வந்தபோது மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கம்மான்னு சொல்லிருக்கலாம் சார். வாய் வரல."

இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இதைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நானே போய் அம்மா சொன்னதை மகளிடம் சொல்கிறேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். (இடையில் எனக்கென்ன வேலை?) இன்னொன்றில் வேம்பு படுத்த படுக்கையாகிறாள், மலர்க்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம். அந்த அம்மாள் பஸ்ஸிலிருந்து என்னைவிட வேகமாக இறங்கிப் போனவர்.

மூன்றாவதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருவரும் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலர்க்கொடி தலை நிமிராமல் கேட்கிறாள்:

"அன்னிக்கி அவரு கேட்டப்ப நான் ஒன்ன எங்கம்மான்னு சொல்லலியே. ஒனக்கு வருத்தமில்லியா?"

வேம்பு கையிலிருந்த கட்டையைக் கீழே வைக்கிறாள்.

இதுவரைதான் என்னால் வர முடிந்தது. அவள் பதிலை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் நான் பேசுவதுபோலவே இருந்தது. உங்கள் வீட்டில் உங்களைப் பெற்றவள் இருப்பாள், அல்லது இருந்திருப்பாள். அவள் இதற்கு என்ன சொல்வாள் என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சை ஆரம்பித்து மட்டும் வைக்கிறேன், மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"அடியே கொடி,