பூட்டு மட்டும் கம்பெனியுடையது

பதினான்கு ஸ்குரூக்களையும் பதினான்கு மருந்துப் புட்டி மூடிகளில் தனித்தனியே போட்டு, ஒவ்வொரு மூடிக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் எழுதிய பிறகுதான், லேப்டாப்பின் அடித்தகட்டைக் கழற்ற மைத்துனனை அனுமதித்தார் மில்லிமீட்டர். மைத்துனன் செல்போன் ரிப்பேர் செய்பவன். அவன் இதுவரை திறந்த போன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவை முட்டிவிட்டு மீதியும் இருக்கும். ஒரு போனுக்குக்கூட அவன் ஸ்குரூவை எண்ணியதில்லை.

"இதுக்குப் பேரு மடிக்கணினியாம். மடியில வச்சா தொடை எலும்பு போயிடும் மாமா."

"பேசாம வேலையப் பாரு. கை வழுக்கிடப் போகுது."

லேப்டாப் நான்கு கிலோ. அதன் சார்ஜர் தனியாக ஒரு கிலோ. நான்கைந்து சேர்ந்தால் ஒரு சுவர் எழுப்பிவிடலாம். சாதாரண லேப்டாப் தாங்காத கனமான வரைபடங்களுக்கென்றே செய்யப்பட்டது. உள்ளே இரண்டு ஃபேன். இரண்டும் ஒன்றாகச் சுற்றும்போது தெருவில் போகிறவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள் என்பது மைத்துனனின் கட்சி.

மில்லிமீட்டர் இருபத்தாறு வருடம் இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போட்டவர். அரை மில்லிமீட்டர் தப்பை ஆறடி தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பார் என்பதால் வந்த பெயர். கம்பெனி போன மாதம் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு பேரை ஒரே கூட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. ஆளுக்கொரு கடிதம், கூடவே அவரவர் வேலை பார்த்த பழைய லேப்டாப். மேனேஜர் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தியபோது திரையில் ஒரு பூட்டின் படம் மட்டும் வந்தது. அதன் கீழே, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு கட்டம். அதைத் தாண்டி மெஷின் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

மைத்துனன் பொட்டு அளவு பேட்டரி ஒன்றை நெம்பி எடுத்தான்.

"இத எடுத்துட்டு அரைமணி நேரம் விட்டா எல்லாத்தையும் மறந்துடும். எங்க அக்கா மாதிரி இல்ல."

"எனக்குக் காது கேக்குது," என்றாள் அவன் அக்கா உள்ளறையிலிருந்து. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மூடிகள் அவள் கொண்டுவந்தவை.

அரைமணி நேரம் மூன்று பேரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரியைத் திரும்பப் போட்டு, பதினான்கு ஸ்குரூக்களையும் மூடி எண் பார்த்து முடுக்கி, மில்லிமீட்டர் பொத்தானை அழுத்தினார். பூட்டு வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் பளிச்சென்றுகூட இருந்தது.

"இந்த ஜாதி மெஷின்ல பூட்ட போர்டுலயே எழுதிடுவாங்க போல," என்றான் மைத்துனன், தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனையக் குடுத்துட்டு அங்குசத்த வச்சுக்கிட்டாங்க மாமா."

கடவுச்சொல் இல்லாத மெஷின் வீட்டில் சும்மா கிடந்தால் பரவாயில்லை. கூட வேலை போன ஒருவர் தன்னுடையதைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் மில்லிமீட்டருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. இரும்புப் பட்டறை முதலாளி ஒருவர், நான்கு மாடிக் கட்டிடத்துக்கு வெளிப்புறப் படிக்கட்டு செய்கிறார். வரைபடம் பன்னிரண்டு நாளில் வேண்டும். சரியாக வந்தால் பட்டறையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். "மெஷின் இருக்கா?" என்று அவர் கேட்டதற்கு, "இருக்கு" என்று சொன்னது பொய்யில்லை. ஐம்பத்து மூன்று வயதுக்காரரை அந்த ஒரு மாதத்தில் வேறு யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் கொடுத்திருந்த, தொள்ளாயிரம் இரும்புத் துண்டுகள் உள்ள மாதிரிப் படத்தை மைத்துனனின் லேப்டாப்பில் திறந்து பார்த்தார்கள். அது ஒருமுறை விக்கிவிட்டு அணைந்துபோனது.

பன்னிரண்டில் மூன்றாம் நாள் காலை கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"ஊழியர் எண் சொல்லுங்க சார்."

"மூணு ஒண்ணு எட்டு அஞ்சு."

விசைப்பலகைச் சத்தம். "நீங்க இப்ப எங்ககிட்ட வேலை பாக்கலையே சார்."

"அத எனக்கும் சொன்னாங்கம்மா."

"ஊழியர்தான் சார் புகார் பதிய முடியும்."

"மெஷின எனக்கே குடுத்துட்டதா லெட்டர் இருக்கு. மேனேஜர் கையெழுத்து போட்டிருக்கார்."

"மெஷின் உங்களோடதுதான் சார். பூட்டு எங்களோடது."

அவ்வளவு அன்பான குரலில் அவள் அதைச் சொன்னதால் மில்லிமீட்டர் அனிச்சையாக நன்றி சொன்னார். நேரில் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றாள் அவள். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க பூட்டுதானே. வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நம்ம வீட்டுல எதுக்குக் கெடக்கணும்?"

அன்றே கிளம்பினார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இறங்கும்போது இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன. கம்பெனி வாசலில் காவலாளி எழுந்து நின்றார். இருபது வருடமாக, காலை எட்டு மணிக்கு முதலில் பார்த்துக்கொள்ளும் முகங்கள்.

"வாங்க மில்லிமீட்டர் சார். கையெழுத்து போடுங்க. இனிமே நீங்க விருந்தாளி."

காவலாளி மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். கொண்டுவரும் பொருட்களின் கட்டத்தில் 'மடிக்கணினி, கருப்பு, 1' என்று எழுதினார்.

"நம்பர் போடலையா?"

"எதுக்கு சார்? உங்களத் தெரியாதா எனக்கு?"

"என்னத் தெரியும். மெஷினத் தெரியுமா? உள்ள நூறு கருப்பு மெஷின் இருக்கு. மாறிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மெஷினைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டிலிருந்து பதினோரு இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார் மில்லிமீட்டர். காவலாளி அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். எட்டாவது இலக்கம் தப்பாக விழுந்தது. மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துத் திருத்தினார். 'கம்பெனிச் சொத்து. பழுதுபார்க்க உள்ளே வந்தது' என்று திரையில் ஒரு பச்சை வரி வந்தது.

"எடுத்துக்கிச்சு சார்."

"அப்படிச் செய்யணும். எதையும் அரைகுறையா விடக்கூடாது."

உள்ளே பூட்டைத் திறக்க நான்கு நிமிடம் ஆனது. அதில் மூன்று நிமிடம், கடவுச்சொல் எழுதிவைத்த தாளைத் தேடுவதற்கு. மில்லிமீட்டர் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து பென்டிரைவில் வைத்திருந்த மென்பொருளை ஏற்றி, படிக்கட்டின் மாதிரிப் படத்தைத் திறந்து பார்த்தார். தொள்ளாயிரம் துண்டுகளும் திரையில் எழும்பி நின்றன. இரண்டு ஃபேனும் இரைந்தன. அந்த இரைச்சல் அவருக்கு அன்று நாதஸ்வரமாக இருந்தது. மெஷினைப் பையில் வைத்து, சார்ஜரைச் சுருட்டி, வாசலுக்கு வந்தார். காவலாளி எண்ணைத் தட்டினார். சிவப்பு வரி வந்தது.

"சார், இது வெளிய போகாது."

"ஏன்?"

"கம்பெனிச் சொத்துன்னு வருது. கேட் பாஸ் வேணும்."

"என்னோடதுய்யா. இதோ லெட்டர்."

காவலாளி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். "'ஒரு மடிக்கணினி'ன்னுதான் இருக்கு. எந்த மடிக்கணினின்னு இல்ல. நம்பர் போடலையே சார்."

மில்லிமீட்டர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"பாஸுக்கு யாரு எழுதிக் குடுக்கணும்?"

"ஊழியர் யாராவது."

"நீங்க குடுங்களேன்."

"நான் காண்ட்ராக்ட் சார். இந்தச் சட்டையே என்னோடது இல்ல." காவலாளி தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் மேலே காட்டினார். வாசலுக்கு மேல் காமிரா இருந்தது. "எனக்கு முன்னாடி ராத்திரி ஷிப்டுல இருந்தவன் ஒரு முழம் கம்பிய விட்டான். மறுநாள் அவன வெளிய விட்டாங்க."

மேனேஜரைப் போனில் பிடித்தார்கள். "அட, இதெல்லாம் ஒரு விஷயமா? நாளைக்குப் போட்டுடலாம்," என்றார் அவர். மெஷினைக் காவலாளியின் அலமாரியில் வைத்துவிட்டு மில்லிமீட்டர் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

நாளை வந்தது, பாஸ் வரவில்லை. இன்னும் எட்டே நாள் மீதி. மில்லிமீட்டர் பார்வையாளர் அறையிலேயே வேலையைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பிணைத்த மூன்று இரும்பு நாற்காலிகள், முழங்காலுக்குக் கீழே ஒரு மேசை, தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக். பேட்டரியை மட்டும் நம்பினால் மெஷின் நாற்பது நிமிடத்தில் நாக்கைத் தள்ளிவிடும் என்பதால், கேனை நகர்த்திவிட்டு ஒயரை அறையின் குறுக்கே இழுத்தார். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மாலைக்குள் முதல் மாடிப் படிக்கட்டு முடிந்தது.

அங்கே உட்கார்ந்த இரண்டாம் நாள் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"நல்லவேளை, இங்கதான் இருக்கீங்களா? உங்க பாஸ் கணக்குப் பிரிவுல இருக்கு. நானே பேசறேன்." கையிலிருந்த தாளை விரித்தார். "இந்தப் பழைய கூரைல ஒரு ஜாயிண்ட் யாருக்கும் புரியல. நீங்க போட்டதுதான். ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

ஒரு பார்வை மூன்று மணி நேரம் ஆனது. மறுநாள் நான்கு தாள்கள் வந்தன. அதற்கு மறுநாள் தாள் வரவில்லை, கோப்பே வந்தது.

"சார், என் பாஸ்..."

"கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இத முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா நானும் தைரியமா மேல போய்க் கேக்கலாம். உதவி செஞ்சவருக்கு உதவின்னு."

வீட்டில் மனைவி அவருடைய சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"வேலைய விட்டு நிறுத்துனப்புறமும் ஏழரைக்கே கெளம்புறீங்க?"

"மெஷின் அங்க இருக்கே."

"அப்ப மெஷினத்தான் வேலைக்கு வச்சிருக்காங்க. நீங்க அதுக்குத் துணைக்குப் போறீங்க."

"முடியாதுன்னு சொல்லிடு மாமா," என்றான் மைத்துனன்.

"சொல்லிட்டு? பாஸ் அவர் கையில இருக்கு."

"மெஷினே வேணாம்னு வந்துடு."

"படிக்கட்டு அதுக்குள்ளதானே இருக்கு. உங்கிட்ட இருக்கறதுலயா அத முடிக்க முடியும்?"

மேனேஜரின் கோப்பைக் காலையிலும் படிக்கட்டை மாலையிலுமாகப் பார்த்தார். மாலை ஐந்தரைக்குப் பார்வையாளர்கள் வெளியேற வேண்டும். இரண்டாம் மாடி முடிந்து, மூன்றாவது மாடியின் திருப்பத்தில் படிக்கட்டு நின்றது. பன்னிரண்டாம் நாள் பிற்பகல் பட்டறை முதலாளி போன் செய்தார்.

"ஆச்சா?"

"ரெண்டு நாள் குடுங்க. ஒன்றரை மாடிதான் பாக்கி."

"அண்ணே, இரும்பு வந்து எறங்கிடுச்சு. வெல்டருங்க நாலு பேரு சும்மா உக்காந்திருக்காங்க. மெஷினோட பட்டறைக்கு வந்துடுங்க, பக்கத்துல இருந்து முடிச்சிடலாம்."

மில்லிமீட்டர் வாசல் பக்கம் பார்த்தார். காவலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"மெஷின கொண்டு வர முடியாதுங்க."

"உங்க மெஷின்தானே?"

"என்னோடதுதான்."

"தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஒருத்தர் காலையிலேயே வந்து நிக்கறாரு. அவரையே வச்சுக்கறேன்."

மில்லிமீட்டர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். திரையில் மூன்றாவது மாடியின் திருப்பம் அந்தரத்தில் நின்றது. அதைச் சேமித்தார். பிறகு மேனேஜரின் கோப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எட்டாம் பக்கத்தில் யாரோ அரை மில்லிமீட்டர் தப்பு விட்டிருந்தார்கள். திருத்தினார்.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் வாசலுக்கு வந்தபோது, காவலாளி அலமாரியைத் திறந்து மெஷினை எடுத்து வைத்திருந்தார். பதிவேட்டையும் அவர் பக்கமாகத் திருப்பினார்.

"தினமும் எழுதி கை வலிக்குது சார். உங்களோடத மாசக் கடைசி வரைக்கும் எழுதி வச்சுட்டேன். நீங்க கையெழுத்து போட்டாப் போதும்."

ஒவ்வொரு வரியிலும் தேதி மட்டும் மாறியிருந்தது. வரும் நேரம் எட்டு, போகும் நேரம் ஐந்தரை. வந்த காரணம் என்ற கட்டத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பக்கம் முடியும்வரை, காவலாளியின் குண்டுக் கையெழுத்தில் ஒரே காரணம் எழுதியிருந்தது: சொந்த வேலை.