வர்றப்ப ரெண்டு மணி நேரம்

அப்பாவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, மகளின் இடுப்பில் செருகியிருந்த அவருடைய ஃபோன் அதிர்ந்தது. அண்ணன்தான். விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டானாம். அம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஃபோனை வைத்தாள்.

அப்போது மணி ஒன்பது.

அம்மாவின் கணக்கில் அவன் ஏறுவது மத்தியானம் இரண்டு மணிக்கு. டிக்கெட்டில் எப்போதும் அப்படித்தான் இருக்கும்: இரண்டுக்குப் புறப்பாடு, நாலுக்கு இறங்குவது. இரண்டு என்பது அந்த ஊர் நேரம், நாலு என்பது இந்த ஊர் நேரம், அந்த ஊர்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் முந்தி ஓடுகிறது என்பதெல்லாம் அம்மாவுக்கு வேண்டாத வம்பு. வருவது இரண்டு மணி நேரம், போவது பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்டால், "வர்றப்ப பிளேனுக்கே அவசரம். போறப்ப அதுக்கும் மனசு வரமாட்டேங்குது" என்பாள்.

பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து, கொஞ்சம் பிந்திய டிரைவரையும் உண்டு இல்லை என்று ஆக்கியவர் அப்பா. இதை மட்டும் அவர் திருத்தவே இல்லை. மகன் ஏழு மணி நேரம் ஆகாயத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால், அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வாசலிலேயே நிற்பாள். அதனால் ஃபோன் வந்ததை மென்று விழுங்கிவிட்டு, இரண்டு மணிக்குத்தான் வந்து, "இப்பதான் ஏறினானாம்" என்பார். மகள் அதற்குக் கூட்டுக் களவாணி.

நேற்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டார். இன்றைக்கு அந்தப் பொய் இவள் தலையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை இன்னொரு ஐந்து மணி நேரம் காக்க வைக்க வேண்டாம். இவளால் முடிந்தது அதுதான்.

உள்ளே போனாள். அம்மா நிமிர்ந்தாள்.

"ஏறிட்டானா?"

"இன்னும் நேரம் இருக்கேம்மா. ரெண்டு மணிக்குத்தானே."

"கையில என்னடி?"

குனிந்து பார்த்தாள். சட்டையைக் கொடியிலிருந்து எப்போது எடுத்தாளோ, எப்போது மடித்தாளோ. முழங்கை வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கப்பாவும் இப்படித்தான்," என்றாள் அம்மா. "ஃபோன் வந்துட்டா கை சும்மா இருக்காது. போய் ஈரத்துணியை மடிப்பாரு. மடிச்சு பீரோவுல வேற வைப்பாரு."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மணிக்கு வந்து சொல்றப்ப அந்த முகத்தைப் பாக்கணுமே. என்னமோ பிளேனை இவரே ஓட்டிட்டு வந்த மாதிரி. அதைப் போய் யாரு கெடுக்கறது?"

அம்மா சட்டையை வாங்கிப் பிரித்தாள். போன தடவை அண்ணன் வாங்கி வந்தது. நேற்று மத்தியானம் அவரே வாளியில் ஊறப்போட்டிருந்தார்.

"நிஜத்துல எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏழு மணி நேரம்மா."

"ஆகட்டும். இதுவும் காயணும்ல. அவன் வர்றப்ப இவரு இதைப் போட்டுக்கிட்டு இருக்கட்டும்."

அம்மாவே கொல்லைப்பக்கம் போய், சுருக்கம் நீவி, காலரை இழுத்துவிட்டு, வெயில் விழுகிற பக்கமாக மாட்டினாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் பின்வாசல் வழியே சட்டை தெரிந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர் கூடிக் கூடி, சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.