பலகையைப் புரட்ட ஓர் ஆள்

நாலு நாளாக எவன் தயவும் இல்லாமல் வேலை செய்தேன். இதைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எல்ல டவுனில் ஒரு ஹோட்டலுக்கு மேசை வேண்டுமாம். எட்டடிப் பலாப் பலகை, மூன்று அங்குலக் கனம், இரண்டு பக்கமும் மேடும் பள்ளமும். மில்லிலிருந்து நாலு பேர் கொண்டுவந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் என் தகரக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள். முன்பென்றால் பெரிய சீவுளியை நான் பின்னாலிருந்து தள்ள, அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மரியநாயகம் முன்னால் கயிறு கட்டி இழுப்பான். இருபது வருடம் அப்படித்தான். இப்போது ஆறு மாதமாகப் பேச்சில்லை. என் பெண்சாதி பாக்கியலெட்சுமி செத்த அன்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து ஆம்பிளைகள் எல்லாம் குழி வெட்டப் போனார்கள். அவன் மட்டும் வரவில்லை. அவன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் விழிக்கவில்லை.

அதனால் போனில் வீடியோ பார்த்து இந்த ஏற்பாட்டைச் செய்தேன். பலகையின் இருபுறமும் நேரான சட்டம், நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து இறுக்கியது. அவற்றின் மேல் குறுக்கே ஒரு நீளப் பெட்டி ஓடும். பெட்டிக்குள் மரம் சீவும் ரூட்டர் மெஷின் இப்படியும் அப்படியும் நகரும். மரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் மெஷினின் பல் ஒரே மட்டத்தில் மேட்டை மட்டும் தின்னும். கயிறு இழுக்க ஆள் வேண்டாம்.

நாலாம் நாள் மத்தியானம் மேல்பக்கம் முடிந்தது. உள்ளங்கையால் தடவினேன், எங்கும் தட்டவில்லை. "பாத்தியா" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. பலகைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடப்பாரை போட்டு நெம்பினேன், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இளசுகள் கொழும்பில், மற்றவர்கள் தேயிலை மலையில் வேலைக்கு. சாயங்காலம்வரை பொறுத்திருந்தால் யாராவது கிடைத்திருப்பார்கள். பொய் ஏன், கால் மரியநாயகம் வாசலுக்குத்தான் போனது.

"ஒரு கை பிடிக்கணும்" என்றேன்.

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்கொரு பக்கம் குந்திக்கொண்டோம். பலகை நிமிர்ந்து நின்றபோது அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பேசினான்.

"வீரய்யாண்ணே, அன்னைக்கு மம்பட்டியோட பாதி தூரம் வந்தேன். அண்ணிக்குக் குழி வெட்டக் கை வரல. தேயிலைக்குள்ளயே உக்காந்துட்டேன்."



"மெதுவா எறக்கு" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

இறக்கினோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சட்டங்களையும் பெட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இதுல நான் எங்கிட்டு நிக்கணும்?"

நானும் பார்த்தேன். அவன் நிற்க ஓர் இடம்கூட இல்லாமல் அவ்வளவு கவனமாகச் செய்திருந்தேன்.

"இது ஒத்த ஆளு வேலைடா."

திமிரில் சொல்லவில்லை, சத்தியமாக உள்ளதைச் சொன்னேன். அவன் "சரிண்ணே" என்று போய்விட்டான். உட்காருடா, தேத்தண்ணி ஊத்துறேன் என்று சொல்லியிருக்கலாம் என்பது, அவன் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குத் தோன்றியது.