பிரேக் கட்டை காணாமல் போன மழைக்காலம்

எழுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம் முழுவதும், நான் அவரைக் கொல்லப் பார்க்கிறேன் என்று என் புருஷன் நம்பிக்கொண்டிருந்தார். அரிவாளால் இல்லை, அரளி விதையால் இல்லை, சைக்கிள் பிரேக்கால்.

ஒச்சப்பன் என்று பேர். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் வேலை. காலையில் சைக்கிள் கேரியரில் சுக்கு மூட்டைகளைக் கட்டி, படகுத்துறை ஜெட்டிக்குப் போய், போட்டு என்று இங்கே சொல்கிற படகில் ஏற்றி, எர்ணாகுளத்தில் இறங்கி, பிராட்வேயில் உள்ள கடையில் சேர்த்துவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சைக்கிளையும் அவரையும் சேர்த்தேதான் பார்த்து வருகிறேன்.

அவருக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். சாயாக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி ஏதாவது சொல்லிச் சிரித்தால், "என்னைப் பத்தித்தான?" என்று என்னிடம் கேட்பார். அவள் மத்தி மீன் விற்கிற விலையைச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

அந்தச் சைக்கிளில் இருந்தது பழைய காலத்துக் கம்பி பிரேக். அதற்குள் ஊரில் பாதிப் பேர் ஒயர் பிரேக்குக்கு மாறியிருந்தார்கள். இவர் மாறவில்லை. "ஒயரு குழாய்க்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. உள்ள அறுந்தா எவனுக்குத் தெரியும்? கம்பின்னா கண்ணு முன்னாடி இருக்கும்ல" என்பார். பின் பிரேக்கின் கம்பியை, பெரிய கேரியர் மாட்டும்போதே கழற்றிப் போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது முன் பிரேக் மட்டும்.

கைப்பிடியை அழுத்தினால் கம்பி மேலே தூக்கும். கம்பியின் அடியில் டயரைச் சுற்றிக் கவட்டை போல ஓர் இரும்பு. அதன் இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு இரும்புக் கூடு, கூட்டுக்குள் ரப்பர் கட்டை. கம்பி தூக்கும்போது அந்தக் கட்டை ரெண்டும் ரிம்மின் அடியில் போய் அழுந்தும், சக்கரம் நிற்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். கட்டை இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசிக் கிறீச்சென்று கத்தும், சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சண்டை வந்தது செம்மீன் ஷெட்டால். தோப்பும்படியில் செம்மீன், அதாவது இறால், தோல் கிள்ளும் ஷெட்டுக்குக் கமலாக்ஷி போய்க்கொண்டிருந்தாள். நானும் போகிறேன் என்றேன். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்காருவது? "அங்க யாரு யாரு வருவானுவ?" என்று ஆரம்பித்தார். மேஸ்திரி யார், ஐஸ் வண்டி ஓட்டுபவன் யார், எந்த வழியாகப் போவாய் என்று சாயங்காலம் முழுக்கக் கேள்வி. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தச் சைக்கிளோடவே போய்ச் சேருங்க, எனக்கு நிம்மதி" என்று கத்திவிட்டேன். கோபத்தில் வாயில் வருவதுதான். எந்த வீட்டில் சொல்வதில்லை?

மறுநாள் காலை பிராட்வே முனையில் அவருக்குப் பிரேக் பிடிக்கவில்லை. கூட்டத்துக்குள் மணியை அடித்துக்கொண்டே போய், ஒரு நேந்திரங்காய் வண்டியில் மோதி, முழங்கையும் தாடையும் தோலுரிந்து வந்தார். முன் பிரேக்கின் கூட்டில் ஒரு கட்டை இல்லை.

வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தேன். கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டை எங்க புள்ள?"

"என்ன கட்டை?"

"பிரேக்குக் கட்டை. ராத்திரி சைக்கிள் வீட்டுக்குள்ளதான் நின்னுச்சு. வீட்டுல இருக்கறது நீயும் நானும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன். அது தப்பாகப் போயிற்று. நான் சிரித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

புதுக் கட்டை வாங்கிப் போட்டார். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு மறுபடி காணாமல் போயிற்று. இந்தத் தடவை இரண்டு கட்டையும். சுவரில் இடித்துத்தான் நின்றாராம். அன்றைக்கு முதல் சைக்கிளைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு படுத்தார். காலையில் கிளம்பும்போது குனிந்து கட்டை இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். இருக்கும். ஆனால் எர்ணாகுளம் போய்ச் சேர்வதற்குள் சில நாள் காணாமல் போய்விடும், சில நாள் போகாது.

"காலையில பாத்துட்டுத்தான போனீங்க? இருந்துச்சுல்ல?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. இருக்கற மாதிரி வெச்சிருந்த." கூட்டுக்குள் விரலை விட்டு எடுத்து மோந்தார். "தேங்காண்ண வாசம். வழுக்கிக்கிட்டு விழட்டும்னு எண்ணெ தடவியிருக்க."

இந்த ஊரில் எதை மோந்தால்தான் தேங்காயெண்ணெய் வாசம் அடிக்காது? அவர் விரலே அந்த வாசம்தான்.

அதோடு விட்டாரா? வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சாயாக்கடையில் கப்பைக் கிழங்கும் மீனும் தின்றுவிட்டு வந்து, "வயிறு சரியில்ல" என்று படுத்துக்கொள்வார். நான் ஆக்கி வைத்த சோறு சட்டியில் அப்படியே இருக்கும். மறுநாள் தண்ணீர் ஊற்றி நான்தான் குடிப்பேன். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரு மனுஷன் பெண்டாட்டி கையால் சாப்பிடப் பயந்து ஓடுகிறான் என்றால், அந்தக் கை பின்னே எதற்கு? ராத்திரி புரண்டு படுத்தால் அவர் விழித்துக்கொள்வது தெரியும். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு கிடப்போம்.

இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று ஒருநாள் தீர்மானித்தேன். அவர் கிளம்பியதும் தூக்குச்சட்டியில் சோற்றையும் அயிலை மீன் குழம்பையும் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் பின்னாலேயே போனேன். நாலு பேர் முன்னால் கொடுத்தால் வாங்காமல் இருக்க முடியாது, வாங்கினால் தின்றுதான் ஆக வேண்டும். இதுதான் என் யோசனை. பிரேக்கைப் பற்றி அப்போது நான் நினைக்கவேயில்லை.

கடல் உள்வாங்கும் நேரம், வேலியிறக்கம் என்பார்கள். தண்ணீர் வற்றி, போட்டு ஜெட்டிக்கு ரொம்பக் கீழே கிடந்தது. மேலேயிருந்து போட்டுக்குப் பலகை சரிவாக இறங்கியது. ஏற்றத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் அதே பலகை திண்ணென்று மட்டமாக நிற்கும்.

மூட்டை கட்டிய சைக்கிள்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம். ஒருத்தன் கைப்பிடியைப் பிடித்து முன்னால் இறங்குவான், அடுத்து நிற்பவன் பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுத்துக்கொடுப்பான். அவன் முறை வரும்போது அவனுக்குப் பின்னால் நிற்பவன் பிடிப்பான். தெரிந்தவன் தெரியாதவன் பேதமில்லை. சரிவில் கனம் தள்ளிக்கொண்டு போகாமலிருக்க இதுதான் உபாயம்.

என் புருஷன் முறை வந்தது. பின்னால் நின்றவர் கேரியரில் கை வைத்தார். இவர் வெடுக்கென்று தட்டிவிட்டார். "சாக்கைத் தொடாதீங்க" என்றார். தொட்டால் ஆளுக்கு ஒரு பிடி சுக்கு எடுத்துவிடுவார்களாம்! பிறகு சைக்கிளை அப்படியே திருப்பினார். அந்த மழைக்காலத்தில் பிடித்துக்கொண்ட புதுப் பழக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. மூட்டை முன்னே கீழ்ப்பக்கம், சைக்கிள் மூஞ்சி மேலே. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒரு சாண், இரண்டு சாண் என்று விட்டு விட்டு இறக்கினார். சக்கரம் பின்னோக்கி உருண்டது. ரிம் நறநறத்தது.

நான் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். முன் சக்கரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. பிரேக் கூட்டின் பின்வாயிலிருந்து கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டு வந்தது. அவர் இன்னொரு தடவை பிரேக்கை இறுக்கினார். அது முழுசாக வெளியே வந்து, பலகை இடுக்கில் விழுந்து, ப்ளக் என்று தண்ணீருக்குள் போயிற்று.

எனக்குத் தலையில் இடி விழுந்தது மாதிரி ஆயிற்று. தூக்குச்சட்டியோடு பலகையில் ஓடினேன்.

"நில்லுங்க! நில்லுங்கங்கறேன்! இங்க பாருங்க உங்க கட்டையை!"

அடுத்த பக்கத்துக் கட்டை பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டைக் குனிந்து பார்த்தேன். அது தீப்பெட்டிபோல இரண்டு பக்கமும் திறந்தது இல்லை. முன்பக்கம் இரும்புச் சுவர், பின்பக்கம் திறந்த வாய். கட்டை மாற்ற வேண்டுமே, அதற்காக விட்ட வாய். சைக்கிள் முன்னால் ஓடும்போது ரிம் கட்டையை முன்னால் இழுக்கும். அது சுவரில் முட்டி நிற்கும். பின்னால் உருட்டிக்கொண்டே பிரேக் பிடித்தால் ரிம் அதைத் திறந்த வாய் வழியே உருவிப் போட்டுவிடும். இந்தக் கூட்டைச் செய்தவன் முன்னால் போகிற சைக்கிளுக்குத்தான் செய்தான். தினமும் ஒருத்தன் பின்பக்கமாக இறங்குவான் என்று அவன் கனவா கண்டான்?

எல்லார் முன்னாலும் கட்டையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளிக் காட்டினேன். நகரவில்லை. பின்னே தள்ளினேன். வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

"தண்ணி வத்துன நாளெல்லாம் காணாமப் போயிருக்கும். ஏத்தம் இருக்கற நாள்ல போயிருக்காது. யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

போட்டில் கயிறு பிடிப்பவர் மேலே நிமிர்ந்து, "சேச்சி பறஞ்ஞது சரியாணல்லோ! இவிடெ தண்ணிக்குள்ளே ஒச்சப்பன் சேட்டன்றெ ஒரு கட்டைக் கடையே கிடக்கும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேரியரிலிருந்து கை தட்டிவிடப்பட்டவர் ரொம்பவே சிரித்தார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போது அசடு வழிவார், தூக்குச்சட்டியை வாங்குவார், 'சரி போ புள்ள' என்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இத்தனை வருஷமா ஓட்டுற எனக்கே தெரியல. சைக்கிள்ல ஏறியே பாக்காதவ, கட்டை எந்தப் பக்கம் வரும்னு உனக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சுது?"

"கண்ணால பாத்தேன். இப்பதான், இங்க நின்னு பாத்தேன்."

"நீ எதுக்கு இங்க வந்த?"

தூக்குச்சட்டியைக் காட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போட்டு மணி அடித்துவிட்டது. வாங்காமல் ஏறிவிட்டார். அந்தச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து நானே தின்றேன். காரம் கூடுதல்.

ஆனால் அன்று சாயங்காலம் அவர் வேறு ஆளாக வந்தார். சுக்கு மூட்டையைக் கட்டும் கயிற்றில் இன்னும் ஒரு நீளத் துண்டு வாங்கி வந்திருந்தார். ஜெட்டிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கேரியரில் கட்டி, தானே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு முன்பக்கமாக இறங்குவதாம். பின்னால் நிற்பவன் கை படவே வேண்டாமாம். புதுக் கட்டை போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். கட்டில் காலில் சங்கிலி போடவில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம், போகட்டும் என்று நினைத்தேன்.

"சோறு போடு" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சொல். ஓடிப்போய் வட்டிலை வைத்தேன். கருவாட்டுக் குழம்பு, அப்பளம். ஊற்றிவிட்டு நின்றேன்.

"நீயும் உக்காரு. சேர்ந்து திம்போம்."

கல்யாணமான நாள் முதல் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே சட்டியிலிருந்து எனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நான் பிசைந்தேன், அவரும் பிசைந்தார். நான் ஒரு வாய் வைத்து விழுங்கினேன். அவரும் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், இரண்டாவது தடவையும் குழம்பு கேட்டார்.

மறுநாளும் "உக்காரு" என்றார். அதற்கு மறுநாளும். ஒருநாள் பிசைந்த பிறகு எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்து, மூச்சுப் பிடித்து, அது நிற்பதற்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் கை வட்டிலில் உருட்டிய சோற்றோடு அப்படியே இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கண் என் தொண்டையில் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் அந்த வழக்கம்தான். ராத்திரி கதவு திறந்திருக்கும்போது கமலாக்ஷி எட்டிப் பார்ப்பாள். "என்ன சிநேகம், பேச்சி! என்றெ ஆளு முழுக்க உண்டு எழுந்நேத்தாத்தான் எனக்குச் சோறு. நின்றெ சேட்டன் நீ உண்ணாம வாயில வெக்கறதில்லல்லோ! குடுத்து வெச்சவளாக்கும் நீ!" என்பாள். அவள் கண்ணில் உண்மையான பொறாமை இருக்கும்.

என் புருஷன் கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். "ஆமா, குடுத்து வெச்சிருக்கணும்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, நான் முதல் வாயை எடுத்து, அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி மென்று விழுங்குவேன்.